பாதி ஹம்ஸா, பாதி கருடா

மருத்துவத் துணைத்தொழில் தேர்வு மண்டலி, பெங்களூரு என்று மட்டும் எழுதிப் போட்டால் போதும், கடிதம் எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு அது எங்கும் போகாது. லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுப்பவர், மயக்க மருந்து உதவியாளர் என்று ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்து நிற்கிறவர்களுக்கெல்லாம் பரீட்சை வைத்து முடிவு சொல்வது எங்கள் மண்டலியின் வேலை. முடிவு சொல்வதை எங்கள் இணையதளம் பார்த்துக்கொள்கிறது. இணையதளத்தைப் புட்டராஜு பார்த்துக்கொள்கிறார்.

புட்டராஜுவின் மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர். எதிரே கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்குப் பின்னால் குளிர் அறையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சர்வர். இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள கோப்பை அந்தச் சர்வரில் கொண்டுபோய் வைத்தால் உலகத்துக்கே தெரியும். கொண்டுபோய் வைப்பதற்கென்று ஒரு சிறிய மென்பொருள் இருந்தது. திறந்தால் இடப்பக்கம் நம்முடைய கோப்புகள், வலப்பக்கம் சர்வரின் கோப்புகள். இங்கிருந்து அங்கே இழுத்துவிட்டால் முடிந்தது காரியம். யாரோ ஒரு வெளிநாட்டு மகராசன் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இனாமாக விட்டிருந்தான். புட்டராஜு எடுத்துக்கொண்டார். தப்பு அங்கேதான் தொடங்கியது.

அந்த வருஷம் தேர்வு முடிவு வெளியிட்டதில் ஒரு சின்னப் பிசகு. துமகூரு மையத்தின் செய்முறை மதிப்பெண்களைச் சேர்க்க மறந்துபோனோம். அந்த மையத்தில் எழுதிய அத்தனை பேரும் தோல்வி. மறுநாளே புட்டராஜு திருத்திய கோப்பைத் தயார் செய்துவிட்டார். இழுத்துவிடுவதுதான் பாக்கி. மவுஸில் கை வைத்த நேரத்தில் தணிக்கைக்காரர்களின் ஆட்சேபணை மேஜைக்கு வந்தது.

மேற்படி மென்பொருள் எந்த டெண்டரிலும் வாங்கப்படவில்லை. வாங்கப்படாததால் இருப்பில் இல்லை. இருப்பில் இல்லாத பொருள் அலுவலகத்தில் இல்லை. அலுவலகத்தில் இல்லாத ஒரு பொருளால் இத்தனை ஆண்டுகள் கோப்புகள் எவ்வாறு அனுப்பப்பட்டன என்று விளக்குக. இதுதான் ஆட்சேபணை.

எங்கள் டைரக்டர் விருபாக்ஷ மூர்த்தி நிதானமானவர். படித்ததும் புட்டராஜுவைக் கூப்பிட்டனுப்பினார்.

"இது இனாமா கிடைச்சதாப்பா?"

"ஆமா சார். உலகம் பூரா இதைத்தான் வச்சிருக்காங்க."

"உலகம் பூரா வச்சிருக்கட்டும். உலகத்துக்கு ஆடிட் கிடையாது. காசு குடுத்து வாங்கினா பின்னாடி ஒரு கம்பெனி இருக்கும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவனுக்கு நோட்டீஸ் விடலாம். இனாம்ல வந்ததுக்கு யாருக்கு நோட்டீஸ் விடறது? சுத்திச் சுத்தி எனக்குத்தான் வரும். நல்லா வேலை செய்யுதாங்கறது இல்லப்பா முக்கியம். கெட்டுப்போனா யார் தலைங்கறதுதான் முக்கியம்."

முறைப்படி ஒரு மென்பொருள் தேர்ந்தெடுக்கப்படும் வரை மண்டலியிலிருந்து ஒரு கோப்பும் சர்வருக்குப் போகக்கூடாது என்று அன்றே உத்தரவாயிற்று. பென் டிரைவில் போட்டுக் கையால் எடுத்துப் போகலாமென்று யாருக்கும் தோன்றிவிடக்கூடாதே என்று, கம்ப்யூட்டரில் அதைச் செருகும் துளைகளுக்கு அரக்கு முத்திரையும் வைத்தார்கள்.

இதில் புட்டராஜுவுக்கு வேறொரு கஷ்டமும் இருந்தது. அவருடைய அக்கா சாவித்ரம்மாவின் மகள் ஸ்பூர்த்தி துமகூரு மையத்தில்தான் எழுதியிருந்தாள். மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அவளை லேப் டெக்னீஷியனாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தேர்ச்சி என்று எங்கள் இணையதளத்தில் தெரிந்தால் போதும், மறுநாளே வேலையில் சேரலாம். தெரியாவிட்டால், அவளுடைய அப்பா அவளைச் சித்ரதுர்காவிலிருக்கும் தன் அக்காள் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார். மாப்பிள்ளை போர்வெல் லாரி வைத்திருந்தான். எத்தனை அடி தோண்டினாலும் தண்ணீர் வராத இடங்களைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பவன் என்று அந்த ஜில்லாவில் பெயர். ஸ்பூர்த்தியைவிடப் பதினைந்து வயது மூத்தவன்.

அவளுக்கு ஒரே ஆறுதல், ஆஷாட மாதம் பிறந்திருந்தது. ஆஷாடத்தில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் செய்யமாட்டார்கள். சிராவண மாதத்து முதல் முகூர்த்தத்துக்குள் முடிவு மாறிவிட்டால் அவள் பிழைத்தாள்.

அவள் போன் செய்தபோது புட்டராஜு மேஜையில்தான் இருந்தார்.

"மாமா, திருத்தின ஃபைல் எங்க இருக்கு?"

"என் எதிர்லதான்மா, கம்ப்யூட்டர்ல."

"சர்வர் எங்க இருக்கு?"

"அதுவும் என் எதிர்லதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்."

"அப்ப நடுவுல என்ன இருக்கு?"

"கமிட்டி இருக்கும்மா."

"நான் ஒருத்தர்கிட்ட ரத்தம் எடுத்தா பத்து நிமிஷத்துல ரிசல்ட் சொல்லுவேன் மாமா. அதுல அவங்க உயிரே இருக்கும். நீங்க என்னடான்னா கூட்டிப்போட்ட மார்க்கைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைக்க முடியலைங்கறீங்க."

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் இரண்டு பேர். கணக்குப் பிரிவின் நாகரத்னா மேடம் மைசூர்க்காரர். நிர்வாகப் பிரிவின் ஹுக்கேரி சார் பெலகாவிப் பக்கம். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'ரீ' போட்டு மரியாதை சேர்ப்பவர், திட்டும்போதுகூட. தெற்குக்கு ஒருவர், வடக்குக்கு ஒருவர் இருந்தால் பிராந்திய நியாயம் கெடாது என்பது டைரக்டரின் ஏற்பாடு.

டெண்டரில் இரண்டு மென்பொருள்கள் வந்தன. ஹம்ஸா, மைசூரில் செய்தது. கருடா, ஹுப்பள்ளியில் செய்தது. இரண்டையும் புட்டராஜு திறந்து பார்த்தார். இடப்பக்கம் நம்முடைய கோப்புகள், வலப்பக்கம் சர்வரின் கோப்புகள். ஒன்றில் ஓரத்தில் அன்னப்பறவை, மற்றதில் கருடன். மற்றபடி இனாம் மகராசனுடையதுக்குச் சாயம் அடித்ததுதான்.

சோதனைக்கு ஒரு கோப்பை அனுப்பிப் பார்க்கவேண்டும். திருத்திய முடிவையே அனுப்பிப் பார்க்கலாமே என்று புட்டராஜு மெதுவாகச் சொன்னார். நாகரத்னா மேடம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"புட்டராஜு, அதுல பசங்களோட எதிர்காலம் இருக்கு. அதை வச்சு யாராவது சோதனை பண்ணுவாங்களா?"

"கையில கண்ணாடிச் சாமானைக் குடுத்து ஓடிக்காட்டுன்னு சொல்ற மாதிரி இருக்குரீ," என்றார் ஹுக்கேரி. இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

கடைசியில் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு வெற்றுக் கோப்பு தயாரிக்கப்பட்டு, ஹம்ஸா வழியாகவும் கருடா வழியாகவும் அனுப்பப்பட்டது. இரண்டிலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. உள்ளிருந்தது எதுவும் வழியில் தொலையவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதோடு பிரச்சினை முடிந்திருக்கவேண்டும். அப்போதுதான் தொடங்கியது. இரண்டும் சமமாகத் தேறிவிட்டதால் எதை எடுப்பதென்று தெரியவில்லை. ஹம்ஸாவை எடுத்தால் வடக்குக்குத் துரோகம். கருடாவை எடுத்தால் தெற்குக்கு அவமானம்.

"எல்லாத்தையும் மைசூர்க்காரங்களே சாப்பிட்டுட்டுப் போங்கரீ. அரண்மனை உங்களுக்கு, தசரா உங்களுக்கு, இப்ப ஃபைல் அனுப்பறதும் உங்களுக்கு. நாங்க சோளரொட்டியைத் தின்னுட்டு வேடிக்கை பாக்கறோம்."

"சார், ஹம்ஸான்னா பாலையும் தண்ணியையும் பிரிக்கும். படிச்சவங்க சமாசாரத்துக்கு அதான் லட்சணம். உங்க கருடா என்ன பண்ணும்? பாம்பைத் தின்னும்."

"ஆடிட்காரன் வந்தா அதுதான்ரீ வேணும்."

வேறு வழி தெரியாமல் புட்டராஜு டைரக்டரின் அறைக்குப் போனார். அக்காள் மகளைப் பற்றிச் சொன்னார். ஆஷாடம் போய்க்கொண்டிருப்பதைச் சொன்னார். பழைய மென்பொருளில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கோப்பு என்றார்.

டைரக்டர் முழுவதையும் கேட்டார். கேட்பதில் அவர் குறை வைத்ததே கிடையாது.

"எனக்கும் பொண்ணு இருக்காப்பா. ஆஸ்திரேலியாவுல. ஆனா ஒரு பொண்ணுக்காக ஒரு முறையை உடைச்சா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கு எல்லாப் பொண்ணுங்களுக்கும் நல்லது பண்ணச் சொல்லுவாங்க. அப்புறம் மண்டலி எதுக்கு?"

புட்டராஜு வணக்கம் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் டைரக்டருக்கு ஏதோ ஒரு சங்கத்தில் பாராட்டு விழா நடந்தது. மைசூர்ப் பேட்டா தலைப்பாகை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். படம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இணையதளத்தின் முகப்பிலிருந்த வழுக்கைத்தலைப் படத்தை எடுத்துவிட்டு இதைப் போடச் சொன்னார்.

"எதுல சார் அனுப்பறது? உத்தரவு இருக்கே."

"உத்தரவு கோப்புக்குத்தானப்பா. இது கோப்பு இல்ல. முகம். பழசுலயே போடு."

டைரக்டர் புட்டராஜுவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரு பக்கம் நாகரத்னா மேடம், மறுபக்கம் ஹுக்கேரி. புட்டராஜு அந்த இனாம் மென்பொருளைத் திறந்தார். இடப்பக்கத்தில் டைரக்டரின் முகம் இருந்தது. அதற்கு நேர்கீழே திருத்திய தேர்வு முடிவு இருந்தது. இரண்டையும் சேர்த்துத் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்திருக்கலாம். திட்டு விழுந்திருக்கும், மெமோ வந்திருக்கும், ஒருவேளை சஸ்பெண்டும் ஆகியிருக்கும். துமகூரு மையம் பாஸாகியிருக்கும்.

அவருடைய விரல் கொஞ்ச நேரம் மவுஸின் மேலேயே நின்றது.

"என்னப்பா, கனமா இருக்கா?" என்றார் டைரக்டர். எல்லாரும் சிரித்தார்கள். புட்டராஜுவும் சிரித்தார். பிறகு முகத்தை மட்டும் இழுத்துவிட்டார். அது உடனே போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை கேண்டீனில்தான் வழி பிறந்தது. நாகரத்னா மேடமும் ஹுக்கேரியும் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் காபி மட்டும் வழக்கம்போல் பை-டூ சொல்லியிருந்தார்கள். பெங்களூரில் எவ்வளவு பெரிய விரோதியோடும் ஒரு காபியை இரண்டு தம்ளரில் பாதிப் பாதியாகக் குடிக்கலாம். அதனால் சமாதானம் ஆகிவிட்டதென்று யாரும் நினைக்கமாட்டார்கள். டைரக்டர் அந்த இரண்டு அரைத் தம்ளர்களையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பை-டூ பண்ணிடலாமே," என்றார்.

இரண்டு மென்பொருளையும் வாங்குவது. ஒவ்வொரு கோப்பிலும் பாதியை ஹம்ஸா அனுப்பும், பாதியைக் கருடா அனுப்பும். இரண்டு தரப்புக்கும் திருப்தி. கோப்பை எப்படி வெட்டுவது என்பதில்தான் சற்று இழுத்தது. மேற்பாதி, கீழ்ப்பாதி என்றதும் கீழ்ப்பாதியை வாங்க இருவரும் மறுத்தார்கள். "எப்பவும் எங்களுக்குக் கீழதானா?" என்றார் ஹுக்கேரி, வரைபடத்தில் மேலே இருப்பவர். ஆகவே நெடுக்காக வெட்டுவதென்று தீர்மானம். இடப்பாதி ஹம்ஸாவுக்கு, வலப்பாதி கருடாவுக்கு.

"சார்," என்றார் புட்டராஜு. "இடது பக்கம் பேரு, நம்பர். வலது பக்கம்தான் மார்க்கு. ரெண்டும் ஒரே நேரத்துல போனாத்தான் சரியா வரும்."

"ஒரே நேரத்துலதான் போகும். யாரு இல்லேன்னது?"

"அப்ப இன்னைக்கே அனுப்பிடட்டுமா சார்?"

டைரக்டரின் முகத்தில் முதல்முறையாக அதிர்ச்சி தெரிந்தது.

"ஆஷாடத்துலயா? புதுசா ஒரு காரியத்தை ஆஷாடத்துல யாராவது தொடங்குவாங்களா? உங்க வீட்டுப் பொண்ணுக்கு ஆஷாடத்துல கல்யாணம் பண்ணுவீங்களா?"

"மாட்டோம் சார்," என்றார் புட்டராஜு. அதுதான் உண்மை.

ஆக, ஸ்பூர்த்தியை எந்த மாதம் காப்பாற்றிக்கொண்டிருந்ததோ அந்த மாதமே அவளுடைய மதிப்பெண்ணையும் கட்டிவைத்துவிட்டது. சிராவணத்து முதல் முகூர்த்தத்தில் ஹம்ஸாவைத் தொடங்கிவைப்பது என்று நாள் குறித்தார்கள். அதே முகூர்த்தத்தில் சித்ரதுர்காவில் ஸ்பூர்த்திக்கும் நாள் குறித்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பஞ்சாங்கம்தான்.

புட்டராஜு கல்யாணத்துக்கு லீவு கேட்டார். இழுத்துவிடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் கிடைக்கவில்லை.

தொடக்க விழா சிறப்பாகவே நடந்தது. மென்பொருளுக்கு மாலை போட முடியாதென்பதால் அன்னப்பறவையின் படத்தை அச்சிட்டுச் சட்டம் போட்டு, அதற்கு மாலை சாத்தினார்கள். குங்குமம் வைத்தார்கள். வண்டிச் சக்கரத்தில் வைத்து நசுக்குவதற்கு எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. மென்பொருளுக்குச் சக்கரமில்லையே என்று கொஞ்சம் தயங்கி, புட்டராஜுவின் நாற்காலிச் சக்கரத்தின் கீழ் வைத்து, அவரை உட்காரவைத்துப் பின்னாலிருந்து தள்ளினார்கள். நாகரத்னா மேடம் விளக்கேற்றினார். மைசூர்பாகு கொடுத்தார்கள். முகூர்த்தம் வந்ததும் புட்டராஜு இடப்பாதியை இழுத்துவிட்டார். கைதட்டினார்கள்.

"இப்ப கருடா சார்," என்றார் புட்டராஜு.

"அது இங்க இல்லரீ," என்றார் ஹுக்கேரி. "பெங்களூர்ல எங்க சாமானைத் தொடங்கி வச்சா எங்க ஊர்ல என் மூஞ்சியில காறித் துப்புவாங்க. கருடாவைப் பெலகாவியிலதான் தொடங்கணும். டிசம்பர்ல அங்க சட்டசபை கூடும்ல, அப்ப மந்திரி வர்றேன்னு சொல்லியிருக்காரு."

டைரக்டர் தலையசைத்தார். பிராந்திய நியாயத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சர்வர் பழைய கோப்பை அகற்றிவிட்டுப் புதிய பாதியை வைத்துக்கொண்டது. மதிப்பெண் இருக்கவேண்டிய இடங்கள் வெறுமையாக இருந்ததால் அவற்றைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. மாநிலம் முழுவதும், பரீட்சை எழுதிய அத்தனை பேரும் தோல்வி.

மைசூர்பாகு இன்னும் வாயில் கரையவில்லை, புட்டராஜுவின் போன் அடித்தது. சாவித்ரம்மா. பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"புட்டா, இவளோட அப்பா மண்டபத்துல எல்லார்கிட்டயும் போனைக் காட்டிக்கிட்டுத் திரியறாரு. முன்னாடி ஃபெயில்தான். இப்ப எல்லாத்துலயும் பூஜ்யமாம். நான் சொன்னது சரியாப் போச்சுல்லங்கறாரு. என்னடா பண்ணினீங்க அங்க உக்காந்துக்கிட்டு?"

அந்தப் பக்கம் போன் கைமாறியது. வளையல் சத்தம்.

"மாமா, பேரு வந்திருக்கு. பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லாம இருக்கு," என்றாள் ஸ்பூர்த்தி. "வைக்கிறேன். தாலி கட்டக் கூப்பிடறாங்க."

மாலைக்குள் பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். டைரக்டர் அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார். "முன்னாடி துமகூருக்கு மட்டும் அநியாயம் நடந்துக்கிட்டிருந்தது. ஒரு மையத்தை ஒதுக்கி வச்ச மாதிரி இருந்தது. இப்ப அந்தப் பாகுபாட்டை முழுசா நீக்கிட்டோம். எல்லா மாவட்டமும் சமம்."

மைசூர் ஆஸ்பத்திரி வேறு ஊர்க்காரப் பெண்ணை எடுத்துக்கொண்டது. அவள் முந்தின வருஷம் தேறியவள். இனாம் மென்பொருள் காலத்தவள்.

டிசம்பரில் பெலகாவியில் சட்டசபை கூடியது. மந்திரி வந்தார், கருடன் படத்துக்கு மாலை சாத்தினார், அந்த ஊர் இனிப்பான குந்தா கொடுத்தார்கள், புட்டராஜுவின் கம்ப்யூட்டரையும் நாற்காலியையும் இங்கிருந்தே லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் நாற்காலியின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வலப்பாதி போயிற்று. பெயருக்கு எதிரே மதிப்பெண்கள் வந்து உட்கார்ந்தன. அப்போதுதான் தெரிந்தது, லேப் டெக்னீஷியன் படிப்பில் மாநிலத்திலேயே முதலிடம் துமகூரு மையத்து ஸ்பூர்த்தி.

டைரக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. மண்டலியே அவள் வீடு தேடிப் போய்க் கௌரவிக்கவேண்டும் என்றார். ஜீப்பில் கிளம்பினார்கள். வழிகாட்டப் புட்டராஜுவையும் ஏற்றிக்கொண்டார்கள்.

சித்ரதுர்காவுக்கு வெளியே ஒரு பொட்டல் காட்டில் போர்வெல் லாரி துளைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் புழுதி பறந்தது. தண்ணீர் வரவில்லை. ஸ்பூர்த்தி ஒரு தார்ப்பாயின் கீழ், லாரியாட்களுக்குக் களி உருட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தாள். புட்டராஜுவைப் பார்த்துத் தலையசைத்தாள். மாமா என்று கூப்பிடவில்லை. புருஷன் லாரியை நிறுத்தச் சொல்லாததால் டைரக்டர் கத்திப் பேசவேண்டியிருந்தது.

"இந்த மண்டலி இல்லேன்னா இந்தப் பொண்ணோட திறமை யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

டைரக்டர் தலையிலிருந்த பேட்டாவைச் சரிசெய்துகொண்டார். சால்வையை விரித்தார். போட்டோ எடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னதும் ஸ்பூர்த்தி கேட்டாள்:

"நல்ல நேரம் பாத்துட்டுத்தானே சார் வந்தீங்க?"

"பின்னே? ராகுகாலம் முடிஞ்சப்புறம்தாம்மா ஜீப்புல ஏறினோம்."

"அப்ப சரி சார்," என்றாள். களி ஆறிக்கொண்டிருந்தது; தார்ப்பாய்க்குத் திரும்பிப் போனாள்.

அந்தப் போட்டோவை இணையதளத்தின் முகப்பில் போடும்படி உத்தரவாயிற்று. இது முகமா, கோப்பா என்று புட்டராஜு கேட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட முகம் இருப்பதால் கோப்பு என்று டைரக்டர் தீர்ப்புச் சொன்னார். ஆகவே முறைப்படி நெடுக்காக வெட்டி, இடப்பாதியைப் புட்டராஜு ஹம்ஸா வழியாக இழுத்துவிட்டார். வலப்பாதி போகவில்லை. கருடாவின் உரிமம் சட்டசபை கூடியிருந்த நாட்களுக்கு மட்டும்தான் எடுக்கப்பட்டிருந்தது. அடுத்த டிசம்பரில் பெலகாவியில் புதுப்பிப்பார்கள்.

இன்றைக்கும் எங்கள் தளத்தைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் படம்தான். பேட்டா வைத்த டைரக்டர் வாய்நிறையச் சிரித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சால்வையை விரித்து, வெறும் வெள்ளைக்குப் போர்த்திக்கொண்டிருக்கிறார். புட்டராஜுவும் வலப்பாதியில்தான் நின்றிருந்தார். யாரும் குறை சொல்லவில்லை. டைரக்டரின் முகம் முழுவதும் விழுந்திருக்கிறது.